யாளியின் முகத்தில் வெட்டுக் கோடு எங்கே விழ வேண்டும்?

காகிதச் சிற்பம்: வாசகர் கேள்வி பதில்

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் இருக்கும் யாளித் தலை ஒன்றைக் காகிதத்தில் செய்திருந்தேன். அதன் படம் இரண்டு இதழ்களுக்கு முன் இங்கே வந்தது. கம்ப்யூட்டரில் வடிவம் கட்டி, அதைத் தட்டையாக விரித்து, அச்செடுத்து, வெட்டி மடித்து ஒட்டிய தலை அது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ தொழிற்சாலைகளில் 24 வருடம் வேலை பார்த்தேன். முதல் 5 வருடம் தையல் லைன், அப்புறம் முழுக்க, தோல் துண்டுகளுக்கு வடிவம் எடுக்கும் பேட்டர்ன் செக்‌ஷன். இப்போது சத்துவாச்சாரி வீட்டு மாடியில் காகிதமும் கம்ப்யூட்டரும்தான் என் வேலை.

அக்கா, நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கையால் எதையும் வரைந்துவிடுவேன். கம்ப்யூட்டரில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். எந்த மென்பொருள் வாங்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?
*குடியாத்தம் வாசகி*

எதுவும் வாங்க வேண்டாம். முப்பரிமாண வடிவம் கட்டும் பிளெண்டர் என்ற மென்பொருள் போதும், அது இலவசம். இலவசம் என்றதும் அரைகுறையாக இருக்குமோ என்று நினைக்காதீர்கள். 1994-ல் நெதர்லாந்தில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ தன் சொந்த வேலைக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பின்னால் அதை விற்றுவந்த நிறுவனம் மூடப்பட்டது. 2002-ல் அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி, நிரலை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். நான் பிளெண்டரைத் திறக்கும்போதெல்லாம் ஊர் கூடி வெட்டிய குளத்தில் தண்ணீர் எடுப்பது போல இருக்கும்.

காகித வேலைக்கு அதனுடன், கட்டிய வடிவத்தைத் தட்டையாக விரித்துத் தரும் 'எக்ஸ்போர்ட் பேப்பர் மாடல்' என்ற துணைநிரல் வேண்டும், அதற்கும் காசில்லை. 4.2-க்கு முந்தைய பதிப்புகளில் அது கூடவே வரும், செட்டிங்கில் டிக் போட்டால் போதும். புதிய பதிப்புகளில் பிளெண்டரின் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பெபகுரா டிசைனர் என்று ஒரு ஜப்பான் மென்பொருளும் இருக்கிறது. விரிப்பதற்கென்றே செய்தது, அருமையானது. ஆனால் அதற்குப் பணம் கட்ட வேண்டும், விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதில் வடிவம் கட்டவும் முடியாது, விரிக்க மட்டும்தான். அதனால் அதை வாங்கினாலும் பிளெண்டரைக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

இப்போதைய பிளெண்டர் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும். உங்கள் லேப்டாப்பில் திறக்காவிட்டால் அவர்கள் தளத்திலேயே பழைய பதிப்புகள் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பின்னால் போய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நம் வேலைக்கு இருநூறு முந்நூறு முகங்கள்தான் (முகம் என்றால் இங்கே வடிவத்தின் ஒவ்வொரு தட்டைப் பக்கம்), கனமே கிடையாது. ஒரே ஒரு செலவு செய்யுங்கள்: நடுவில் உருளை உள்ள மவுஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உருளையை அழுத்திக்கொண்டுதான் வடிவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். டச்பேடில் பழகினால் ஒரே வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

ஆரம்பம் எங்கே என்றால், உங்கள் ஊர்த் தீப்பெட்டியில். ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து, ஒட்டிய இடத்தை ஈரத்துணியால் நனைத்து, கிழியாமல் பிரித்து, மேசைமேல் தட்டையாக வையுங்கள். எந்தக் கோடு மடிப்பு, எந்தக் கோடு வெட்டு, ஒட்டுவதற்காக எங்கே நாக்கு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஸ்கேலால் அளந்து, அதே பெட்டியை பிளெண்டரில் கட்டி, விரித்து, அச்செடுத்து, பிரித்த பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் பாதி வேலை கற்றுவிட்டீர்கள். கையில் ஓவியம் இருப்பதால் மீதிப் பாதி உங்களுக்குச் சீக்கிரம் வரும்.

அக்கா, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி கிளிக்கிங்கில், அதாவது தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்ததால்தான் இது உங்களுக்கு வந்தது என்று சொல்லியிருந்தீர்கள். கம்ப்யூட்டர் எப்படி ஒரு முகத்தைத் தட்டையாக்குகிறது? நாம் லாஸ்ட்டை விரிக்கிற மாதிரிதானா?
*ஆம்பூர் வாசகர்*

அதேதான் தம்பி. தோலுக்கும் தாளுக்கும் மட்டும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மற்றவர்களும் படிக்கிறார்கள், அதனால் நமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

ஷூவுக்கு முதலில் கால் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும், அதுதான் லாஸ்ட். அதன்மேல் மாஸ்கிங் டேப்பைக் கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் ஒட்டுவோம். விரல் முனையிலிருந்து மேலே வரை நடுக்கோடு, குதிகாலில் மேலிருந்து கீழே நடுக்கோடு. டேப்பின் மேலேயே பென்சிலால் டிசைனை வரைந்துவிடுவோம். பிறகு நடுக்கோட்டில் கத்தி வைத்து அறுத்து, டேப்பை உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டுவோம். அந்த இடத்தில்தான் வேலையே. டேப் படியாது. விரல் முனைப் பக்கம் சுருங்கி எழும்பும். ஓரத்தில் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிப் படிய வைப்போம். அப்போது கொஞ்சம் அளவு தப்பும். ஆனால் தோல் மன்னித்துவிடும். லாஸ்டிங் மெஷினில் இழுக்கும்போது தோல் நீண்டு, அச்சின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காகிதத்துக்கு வளையத் தெரியும், நீளத் தெரியாது. ஒரு சாத்துக்குடித் தோலைக் கிழியாமல் தட்டையாக்கப் பாருங்கள், முடியாது. ஏன் முடியாது என்பதை 1827-ல் கார்ல் கவுஸ் என்ற ஜெர்மானியக் கணிதர் நிரூபித்துவிட்டார். எல்லாப் பக்கமும் வளைந்த பரப்பை, அளவு மாறாமல் தட்டையாக்க வழியே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வளைந்த கூம்பும் உருளையும் விரியும். பொட்டலம் கட்டுகிற கூம்பை நீங்கள் பிரித்திருப்பீர்கள். உருண்டை விரியாது.

அதனால்தான் காகிதச் சிற்பத்தில் வளைவை எல்லாம் தட்டையான சின்ன முகங்களாக உடைக்கிறோம். ஒவ்வொரு முகமும் பக்கத்து முகத்தோடு கீல் போட்ட கதவு மாதிரி. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கீலாகத் திறந்து எல்லாவற்றையும் ஒரே தளத்தில் படுக்கவைக்கிறது. எந்தக் கீலை விடலாம், எதை அறுக்கலாம் என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்லாவிட்டால் அதுவே தீர்மானித்துக்கொள்ளும்.

என் முதல் யாளியை அப்படித்தான் அதன் இஷ்டத்துக்கு விட்டேன். ஒட்டி முடித்து ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால், இடது கண்ணின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. சாம்பல் நிறத் தாளை வெட்டிய விளிம்பு உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. வலது கண் முழுசாக இருக்கிறது, இடது கண்ணில் பூ விழுந்த மாதிரி. அளவில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

தையல் லைனில் எனக்கு முதல் வருடம் கற்றுக்கொடுத்த அம்மா ஒன்று சொல்வார்: பாதம் மடிகிற இடத்தில் தையல் வைக்காதே, பிய்ந்துவிடும், பார்க்கிற இடத்திலும் வைக்காதே, கண்ணை உறுத்தும். தையலைக் காலின் உட்புறம் தள்ளு, இல்லையென்றால் இன்னொரு துண்டின் விளிம்புக்கு அடியில் ஒளித்து வை. பிளெண்டரில் 'மார்க் சீம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சீம் என்றால் தையல்தானே. அந்தச் சொல்லைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த மென்பொருள் நம் ஆள் என்று எனக்குத் தோன்றியது. எந்த விளிம்பைச் சீம் என்று குறிக்கிறோமோ அதில்தான் வெட்டு விழும்.

இரண்டாவது யாளிக்கு ஒரு நாள் முழுக்கச் சீம் மட்டுமே போட்டேன். கோயிலுக்குப் போய் அந்தத் தூண் முன்னால் உட்கார்ந்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். புருவம் முன்னால் தள்ளிக்கொண்டு, அதன் அடியில் கண் உள்ளே இருக்கிறது. அந்தப் புருவத்தின் அடிவிளிம்பு எப்போதும் இருட்டுதான். சரி, அங்கே ஒரு வெட்டு. பிடரிச் சுருள் கன்னத்தைத் தொடுகிற மடிப்பில் ஒன்று, தாடையின் அடியில் ஒன்று. நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரே தாள், அங்கே கத்தி படவே இல்லை. சிற்பியின் உளி எங்கெல்லாம் ஆழமாக இறங்கியதோ அங்கெல்லாம் என் கத்தியும் இறங்கியது. இந்த முடிவைக் கம்ப்யூட்டரிடம் விடாதீர்கள். விரிக்கிற வேலையை அது ஒரு நொடியில் செய்துவிடும். எங்கே அறுப்பது என்பது செய்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. காகிதச் சிற்பத்தில் டிசைன் என்று நான் சொல்வது அதைத்தான்.

மேடம், காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஒரு சிங்க முகத்தின் ஸ்கேன் ஃபைலை இறக்கினேன். 40,000 முக்கோணம் இருக்கிறது. விரித்தால் கணக்கில்லாத பக்கங்கள் வருகின்றன. 'டெசிமேட்' போட்டு 300 ஆக்கினேன், முகமே கோணிவிட்டது. என்ன தவறு?
*காட்பாடி மாணவர்*

டெசிமேட் என்ற கட்டளை முகங்களின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் செய்யும், வரையாது. 40,000-ஐ 300 ஆக்கினால், மிச்சமிருக்கும் கோடுகள் ஊசி மாதிரி நீண்ட முக்கோணங்களாகவும், இடதுபக்கம் ஒரு மாதிரி வலதுபக்கம் ஒரு மாதிரியாகவும் நிற்கும். அந்த ஊசி முனைகளைக் கத்தரியால் வெட்டவும் முடியாது, மடிக்கவும் முடியாது.

அந்த ஸ்கேனை அழித்துவிடாதீர்கள், அதை லாஸ்ட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நீங்களே புதிதாக ஒரு தோல் கட்டுங்கள். ஒரு கனசதுரம் எடுத்து, பாதியை அழித்து, மிரர் மாடிஃபையர் போடுங்கள். பாதி முகம்தான் நீங்கள் செய்வது, மறுபாதி தானாக வரும். ஒரு முகத்தைப் பிடித்து எக்ஸ்ட்ரூட் செய்து, அதாவது வெளியே நீட்டி, மூக்கை இழுங்கள், விளிம்புகளை நகர்த்திப் புருவம் கொண்டுவாருங்கள். ஸ்கேன் இல்லாதவர்கள் முன்பக்கமும் பக்கவாட்டிலும் இரண்டு போட்டோ எடுத்துப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். போட்டோ எடுக்கும்போது கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டே நின்றால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழுந்து உங்களை ஏமாற்றும்.

கடைசியில் எல்லா முகத்தையும் முக்கோணமாக்கிவிடுங்கள். நாலு கால் ஸ்டூல் தரை சரியில்லாவிட்டால் ஆடும், முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. முகமும் அப்படித்தான். நாலு புள்ளி ஒரே தளத்தில் இல்லாவிட்டால் அந்த முகம் முறுக்கிக்கொள்ளும், தாளில் வராது. மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளம்தான்.

படிக்கிற பிள்ளை என்பதால் கணக்கும் சொல்கிறேன். என் யாளித் தலையில், கழுத்தையும் மூடிவிட்டால், 120 முனைகள், அதாவது விளிம்புகள் சந்திக்கும் புள்ளிகள். எல்லாம் முக்கோணம் என்றால் முகங்கள் 236, விளிம்புகள் 354. இதை ஒரே துண்டாக விரிக்க முடிந்தால் முனைகளைவிட ஒன்று குறைவாக, அதாவது 119 விளிம்புகளை வெட்ட வேண்டும், மீதி 235 மடிப்பு. துண்டு ஒன்று கூடினால் ஒரு மடிப்பு வெட்டாக மாறும். நான் 14 துண்டாகப் பிரித்தேன். அதனால் வெட்டு 132, மடிப்பு 222. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நாக்கு, ஒவ்வொரு நாக்கையும் அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். முனைகளைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு முனை முகத்துக்கு என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள். கன்னத்தில் எனக்கு ஐந்து முனைகள் போதுமாக இருந்தன. கண் ஓரத்தில் மட்டும் பதினொன்று தேவைப்பட்டது.

அம்மா, நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எந்த வடிவத்தையும் ஒரே துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விரித்துவிட முடியுமா? முடியும் என்றால் 14 துண்டு எதற்கு?
*வாலாஜாபேட்டை வாசகர்*

ஐயா, அருமையான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 1525-ல் ஆல்பிரெக்ட் டூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் தன் வடிவியல் நூலில் திண்ம வடிவங்களை இப்படி விரித்து வரைந்து காட்டினார். குழி எதுவும் இல்லாத, எல்லாப் பக்கமும் மேடாகவே இருக்கும் வடிவத்தை விளிம்போடு வெட்டி எப்போதும் ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்று 1975-ல் ஜெஃப்ரி ஷெப்பர்ட் என்ற கணிதர் கேள்வியாகவே வைத்தார். இன்றுவரை முடியும் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை, முடியாத ஒன்றைக் காட்டவும் இல்லை. உங்கள் பழைய மாணவர்கள் யாராவது கணிதத்தில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

குழியும் மேடும் கலந்த வடிவம் என்றால் கதையே வேறு. அவற்றில் சிலவற்றை அப்படி விரிக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள். யாளிக்கு வாய் திறந்திருக்கிறது, கண் குழிந்திருக்கிறது, காது மடங்கியிருக்கிறது. ஒரே துண்டாக விரித்தால் துண்டின் ஒரு கை இன்னொரு கையின் மேல் ஏறிக்கொள்ளும். அது தவிர, ஏ4 தாளுக்குள் அடங்க வேண்டும், என் விரல் உள்ளே போய் நாக்கை அழுத்த வேண்டும். 14 என்பது அப்படி வந்த கணக்கு.

அக்கா, எங்கள் அப்பா கூத்து வாத்தியார். கட்டைக்கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் மரத்தில் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, விலையும் ஏறிவிட்டது. காகிதத்தில் செய்தால் தாங்குமா? இதைக் கேட்டால் அப்பா கோபித்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருக்கிறது.
*செய்யாறு பக்கத்து வாசகர்*

இந்தக் கடிதத்தை நான் நாலு முறை படித்தேன். வட ஆற்காட்டில் பிறந்து, விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். கட்டை கட்டிக்கொண்டு ஆடுவதால்தான் அதற்குக் கட்டைக்கூத்து என்றே பெயர். லேசான மரத்தைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்து, விளக்கு வெளிச்சத்தில் துரியோதனன் தலையைத் திருப்பும்போது அது மின்னுவது வேறு எதிலும் வராது. மேடைக்கு மரம்தான். அதில் அப்பா பக்கம்தான் நான்.

ஆனால் ஒத்திகைக்கும், கூத்து கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும், புதிதாக மரத்தில் செதுக்குவதற்கு முன் மாதிரி பார்ப்பதற்கும் காகிதம் நன்றாக உதவும். எடையைக் கணக்குப் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம். தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 300 கிராம். ஏ3 தாள் சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்கு, ஆக 37.5 கிராம். 12 தாள் பிடித்தால் 450 கிராம், வெட்டிக் கழித்தது போக 300 கிராம் சுமாருக்கு ஒரு கிரீடம் நிற்கும். பத்து வயதுப் பிள்ளையின் கழுத்து தாங்கும்.

கிரீடத்தின் உடம்பு கூம்பு, அது தானாக விரியும் வடிவம். கம்ப்யூட்டரில் அதை 32 பட்டையாகக் காட்டினாலும் அந்தக் கோடுகளை மடிக்காதீர்கள். ஒரு குழவியில் சுற்றி வளைத்து, வழவழவென்று உருட்டி ஒட்டுங்கள். மேலே உள்ள பூ வேலையை மட்டும் மடிப்பாகச் செய்யுங்கள். தலைச்சுற்றளவை உருமால் கட்டிய பிறகு எடுங்கள், வெறும் தலையில் எடுத்தால் உட்காராது. உள்பக்கம் பருத்தித் துணி ஒட்டாமல் தலையில் வைக்காதீர்கள். நம் ஊர் வேர்வைக்குக் காகிதம் அரை மணி நேரத்தில் ஊறிவிடும். கற்பூரம் ஏற்றும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

அப்பாவிடம் செய்துவிட்டுச் சொல்லாதீர்கள், செய்வதற்கு முன்பே போய் உட்காருங்கள். அவருடைய பழைய கிரீடத்தை அளக்க அனுமதி கேளுங்கள். எந்தப் பட்டை எவ்வளவு அகலம், எந்த வேஷத்துக்கு எது என்று அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். காகிதக் கிரீடம் வருகிறதோ இல்லையோ, அந்த அளவுகள் உங்கள் வீட்டில் இருக்கும். நாளைக்கு ஒரு தச்சர் கிடைத்தால் அவர் கையில் கொடுக்கலாம்.

ஆன்ட்டி, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எந்தத் தாள், எந்தப் பசை? என் முயல் பொம்மையின் காது மட்டும் தலையில் பொருந்தவே இல்லை.
*ராணிப்பேட்டை மாணவி*

தாள் 160-லிருந்து 200 ஜி.எஸ்.எம். வாங்கு. சாதாரண ஜெராக்ஸ் தாள் 80, ஒரு ஏ4 ஐந்து கிராம் இருக்கும், அது நிற்காது. தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு. ஒரு சின்னச் சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தொட்டுத் தடவு. அது குழாய் மாதிரி சுருளும். அந்தக் குழாய் நீளும் திசைதான் இழை. நீளமான மடிப்புகள் இழையோடு போனால் சுத்தமாக மடியும், குறுக்கே போனால் வெடிக்கும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்துக் கோட்டின் மேல் ஓட்டிவிடு.

பசை, நம் வழக்கமான வெள்ளைப் பசைதான். மூடியில் கொஞ்சம் ஊற்றி, துடைப்ப ஈர்க்குச்சியால் மெல்லியதாகத் தடவு. நிறைய வைத்தால் அதிலிருக்கும் தண்ணீரில் தாள் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் ஒட்டும்போது ஃபேனை நிறுத்திவிடு, தடவி முடிப்பதற்குள் காய்ந்துபோகும். லேசர் பிரிண்டில் மடிப்பு இடத்தில் நிறம் உதிரும், இங்க்ஜெட்டில் பசை பட்டால் நிறம் கலங்கும். எனக்கு நிறத்தாளில் மெல்லிய கோடு மட்டும் அச்செடுப்பதுதான் பிடிக்கும்.

காது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் ஒரு முறை இதே மாதிரி ஆனது. கடையில் கொடுத்து 9 பக்கம் அச்செடுத்தேன். முதல் ஆறு பக்கம் சரியான அளவில் வந்திருக்கிறது. தாள் தீர்ந்து, மறுபடி போடும்போது கடைப் பையன் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அழுத்திவிட்டான். கடைசி மூன்று பக்கம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஒட்டிய பிறகு தாடை மட்டும் இடிக்கிறது. அன்று முதல் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டுவிடுகிறேன். கடையிலேயே ஸ்கேல் வைத்து எல்லாப் பக்கத்தையும் அளந்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். உன் காதுத் தாளையும் தலைத் தாளையும் அளந்து பார். அநேகமாக அதுதான்.

என் மகள் பிளஸ் டூ. ராத்திரி எல்லாம் பிளெண்டரில் பொம்மை செய்துகொண்டிருக்கிறாள். இதில் பிழைப்பு உண்டா? திட்டுவதா, விடுவதா?
*வாணியம்பாடி வாசகி*

திட்டாதீர்கள் அம்மா, பத்து மணிக்குத் தூங்கச் சொல்லுங்கள். பொம்மை விற்றுப் பிழைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊரைச் சுற்றியே தோல் தொழில் இருக்கிறது. இன்றைக்குப் பேட்டர்ன் செக்‌ஷனில் லாஸ்ட்டை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில்தான் விரிக்கிறார்கள். அவள் கண் இப்போது பழகுவது அதே வேலைக்குத்தான். சென்னை கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று நேரிலேயே கேளுங்கள். அதற்கு முன் அவள் செய்த ஒரு பொம்மையை அச்செடுத்து, நீங்களும் அவளுமாக உட்கார்ந்து ஒட்டிப் பாருங்கள்.

படத்தில் இருந்த யாளியைப் பார்த்து நானும் ஒரு நந்தித் தலை செய்தேன். எல்லாம் சரியாக வந்தது. கடைசி முகத்தை மூட முடியவில்லை. உள்ளே விரல் போகாமல் நாக்கை எப்படி அழுத்துவது? அப்புறம், இவ்வளவு தூண் இருக்க அந்த யாளியை ஏன் எடுத்தீர்கள்?
*ஆற்காடு வாசகர்*

பின்னால் கேட்டதை முதலில் சொல்கிறேன். அந்தக் கோயிலில் பல காலம் மூலவர் இல்லை. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து சுவாமியைக் கோட்டைக்குக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு முதல்முறை உள்ளே போனேன். சன்னதிப் பக்கம் நெரிசல், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் உயரத்துக்கு நேராக இருந்தது அந்தத் தூணின் அடியில் இருந்த முகம்தான். அன்றைக்கு அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.

கடைசி முகத்தை ஒட்டும்போது யோசிக்கக் கூடாது, சீம் போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். அது பின்கழுத்திலோ தாடையின் அடியிலோ, யாரும் பார்க்காத இடத்தில், பெரிய முகமாக, முடிந்தால் நாலு பக்கமும் நேர்க்கோடாக இருக்கட்டும். சின்ன முக்கோணத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். மூக்கிலிருந்து ஒட்டத் தொடங்கி, கண், நெற்றி, காது என்று பின்னால் வந்து கழுத்தில் முடியுங்கள். கடைசி முகத்தை ஒரு பக்கம் கீல் மாதிரி ஒட்டிக் காய விடுங்கள். மற்ற நாக்குகளை உள்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே மடித்து வையுங்கள், அவை ஸ்பிரிங் மாதிரி மேலே தள்ளும். எல்லாவற்றிலும் பசை தடவி, மூடியைச் சாத்தி, வெளியிலிருந்து விளிம்பை மட்டும் விரலால் நீவிக்கொண்டே இருங்கள். எங்காவது உள்ளே அமுங்கிவிட்டால், அந்த முகத்தின் நடுவில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுங்கள். நிமிர்ந்துவிடும். ஓட்டை கழுத்தின் அடியில்தானே இருக்கிறது, கீழே வைத்ததும் மறைந்துவிடும்.